கறுத்த மீன்

சுவர் முழுக்க மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. நீச்சலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வாலை ஆட்டின, திரும்பின, கூட்டமாக மேலே போய்க் கூட்டமாகக் கீழே வந்தன. ஆனால் ஒவ்வொரு மீனும் அடுப்புக் கரியில் செதுக்கியது போல் கன்னங்கரேலென்று இருந்தது.

"அண்ணி, இதுங்க வெயில்ல ரொம்ப அலைஞ்சிருக்கும் போல" என்றாள் பட்டாசு.

அண்ணி கைகூப்பி நின்றாள். கண்ணை மூடியிருந்தாள். எந்த வழக்கையும் தொடுமுன் அவள் அரை நிமிஷம் கும்பிட்டுக்கொள்வாள். "யார் மேலயும் வீண்பழி விழக் கூடாது, கடவுளே." பிரார்த்தனை மொத்தமும் அவ்வளவுதான். துப்பு கிடைக்க வேண்டும் என்றுகூடக் கேட்பதில்லை. அதைத் தானே தேடிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அவளை அண்ணி என்று கூப்பிடும் உரிமை உலகத்தில் பட்டாசு ஒருத்திக்குத்தான் உண்டு. அண்ணனைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள். ஆனால் பட்டாசு எட்டுத் தெருவுக்குக் கேட்கிற குரலில் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது வழக்கு கொண்டுவருகிறவர்களும், போலீஸ்காரர்களும், பிடிபட்ட இரண்டு திருடர்களும்கூட அவளை அண்ணி என்றே கூப்பிட்டார்கள்.

"அண்ணி, இது சதி" என்றார் முதலாளி. அவரும் ஆரம்பித்துவிட்டார்.

பெரிய திரைகளில் நகரும் படம் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி அது. நான்கு மேசை, சுவர் அகலத்துக்கு ஒரு திரை, இருமிக்கொண்டே காபி தரும் ஒரு மெஷின். குழந்தைகளுக்கான பல் ஆஸ்பத்திரி ஒன்று, காத்திருக்கும் அறைக்கு மீன்தொட்டி கேட்டிருந்தது. அழுகிற பிள்ளை மீனைப் பார்த்து வாயைப் பிளக்கும். பிளந்த வாயை டாக்டரம்மா பிடித்துக்கொள்வார். ஏற்பாடு அதுதான்.

"மதியம் டாக்டரம்மா பாக்க வர்றாங்க. இந்தக் கறுப்பு மீனைப் பாத்தா, வாயைத் திறந்த பிள்ளைகூடப் பூட்டிக்கும்."

"யார் மேல சந்தேகம்?" என்றாள் அண்ணி.

முதலாளி குரலைத் தாழ்த்தி, மூலை மேசையைக் கண்ணால் காட்டினார். அங்கே ஒரு பெண் முதுகை வளைத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். மீன்களை நீந்த வைக்கும் கம்ப்யூட்டர் வரிகளை எழுதியவள் அவள்தான். ஆபீசில் அவளுக்கு மீன்காரி என்றே பெயர்.

"வேற கம்பெனியில அவளைக் கூப்பிட்டிருக்காங்க. எனக்குத் தெரியவந்த மறுநாளே மீன் கறுத்துப்போச்சு. போறவ கெடுத்துட்டுப் போறா. நான் சொல்லல, மெஷினே சொல்லுது பாருங்க."

திரையின் ஓரத்தில் சிவப்பில் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. 'மீன் பகுதி: பிழை. மீன் பகுதி: பிழை. மீன் பகுதி: பிழை.'

"ஆதாரம் மட்டும் நீங்க கையில குடுங்க. டாக்டரம்மா வர்றதுக்குள்ள அவளை அனுப்பிடறேன். புதுக் கம்பெனியிலயும் வேலை கிடைக்காதபடி பண்ணிடறேன்."

பட்டாசுக்கு வாய் துருதுருத்தது. அண்ணி அவள் காலை மெல்ல மிதித்தாள். பட்டாசைப் பத்த வைக்காமல் இருக்க அண்ணி கண்டுபிடித்த வழி அது.

*

மீன்காரியின் மேசைக்குப் போகும் வழியில் இரண்டு மேசைகள். முதலாவதில் தண்ணிக்காரர். தொட்டிக்குள் தண்ணீரும் வெளிச்சமும் அவர் பொறுப்பு. அந்த ஆபீசிலேயே அனுபவசாலி என்பதை அவர் மீசை ஒப்புக்கொண்டது. அடுத்ததில் பாசிக்காரன். பாசி, செடி, மணல் எல்லாம் அவன் கைவேலை.

"என் பகுதியில இதுவரைக்கும் ஒரு பிழைகூட வந்ததில்ல மேடம்" என்றார் தண்ணிக்காரர், கேட்காமலே.

"என்னுதுலயும்" என்றான் பாசிக்காரன்.

"வரலைன்னு எப்படித் தெரியும்?" என்றாள் அண்ணி.

"வந்தா தெரியுமே!"

அண்ணி தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்தாள். அண்ணி இப்படித் தலையாட்டினால் அந்தப் பதிலில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். பட்டாசுக்கு அது தெரியும். எங்கே ஓட்டை என்பதுதான் தெரியாது.

மீன்காரி எழுந்து நின்றாள். "நான் எதையும் கெடுக்கல. அஞ்சு நாளா என் வரி ஒவ்வொண்ணையும் தடவித் தடவிப் பாக்கறேன். எங்கேயும் தப்பு இல்ல. ஆனா பிழைன்னு வருது. எனக்கே என் மேல சந்தேகம் வந்துருச்சு."

"உக்காரும்மா. முதல்ல எனக்குப் புரியற மாதிரி சொல்லு. மீனை யார் வரையறது? நீயா, மெஷினா?"

"ரெண்டு பேருக்கும் நடுவுல ஒருத்தர் இருக்கார். கிராபிக்ஸ் லைப்ரரி. படம் வரையறதுக்குன்னே யாரோ எழுதி வச்ச கட்டளைங்க. 'இந்தப் படத்தை எடு, இந்த உடம்பு மேல ஒட்டு, இங்க நிறுத்து'ன்னு நாம வரிசையாச் சொல்லணும். அது வரையும்."

"நீ தப்பாச் சொன்னா?"

"திட்டாது. அந்த ஒரு வேலையைச் செய்யாம விட்டுட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி அடுத்ததைப் பாக்கும். தப்பை மட்டும் மனசுக்குள்ள வச்சுக்கும். 'ஏதாவது பிழை உண்டா?'ன்னு நாம வாய் விட்டுக் கேட்டாத்தான் வெளியே சொல்லும். சொன்னதும் மறந்துடும்."

"எங்க அண்ணனைத் தெரியுமா உங்களுக்கு?" என்றாள் பட்டாசு. "அப்படியே அவர்தான்."

மீன்காரி இரண்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை. அவள் கண் எங்கேயோ வீட்டுச் சமையலறையில் நின்றது.

"பட்டாசு, மிக்ஸி ஜாடியை உங்க அண்ணன் எப்ப உடைச்சார்?"

"காலையில. நாம கோயிலுக்குப் போயிருந்தப்போ."

"எப்பச் சொன்னார்?"

"ராத்திரி. நான் 'ஜாடி எங்கே'ன்னு கேட்டேன். உடனே கக்கிட்டார்."

"அப்ப ஜாடியை உடைச்சது யாரு? கேட்ட நீயா?"

"என்ன அண்ணி, நான் பாவம்..." என்று ஆரம்பித்த பட்டாசு பாதியில் நிறுத்திக்கொண்டாள். மீன்காரியின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

"ஏம்மா, அந்தக் கேள்வியை நீ எந்த இடத்துல கேக்கறே?" என்றாள் அண்ணி.

"மீனெல்லாம் வரைஞ்சு முடிச்ச பிறகு, கடைசி வரியில."

"தண்ணிக்காரர் எங்கே கேக்கறார்?"

"அவர் கேக்கறதில்ல. பாசியும் கேக்கறதில்ல. கேட்டா மெஷின் வேகம் குறையும்னு சொல்லுவாங்க. பிழை வேற யாரோடதாவது இருக்கலாமேன்னு நானும் சொல்லிப் பாத்தேன் அண்ணி. 'எங்க பகுதியில பிழையே வர்றதில்லையே'ன்னு சிரிச்சாங்க."

"கேட்டாத்தானே வரும்!" என்று பட்டாசு வெடித்தாள். இந்தத் தடவை அண்ணி காலை மிதிக்கவில்லை.

*

சோதனை எளிதாக இருந்தது. மீன்காரி அதே கேள்வியை, ஒரு மீனைக்கூட வரையத் தொடங்குமுன், தன் பகுதியின் முதல் வரியிலும் வைத்தாள். எல்லோரும் திரையைச் சுற்றி நின்றார்கள்.

'மீனுக்கு முன்: பிழை. மீனுக்குப் பின்: இல்லை.'

மீன்காரி கதவைத் திறக்கும்போதே வாசலில் குப்பை கிடந்திருக்கிறது. யாருடைய குப்பை என்று கேட்டவளைத்தான் ஐந்து நாளாகக் குப்பைக்காரி ஆக்கியிருந்தார்கள். நல்ல மனசுக்காரர்களுக்கு உலகம் இப்படித்தான் அடிக்கடி கூலி கொடுக்கிறது. ஆனால் கணக்கைச் சரிபார்க்க மேலே ஒருவர் இருக்கிறார், அவர் அவசரப்படுவதில்லை.

"அப்ப தண்ணியா, பாசியா?" என்றார் முதலாளி, தண்ணிக்காரரைப் பார்த்து.

தண்ணிக்காரருக்கு மீசை துடித்தது. "என்னையா? சார், என் பகுதியையே கழட்டி வைக்கறேன். அப்புறம் பேசுங்க." அவர் இரண்டு தட்டுத் தட்டினார். சுவரிலிருந்த தண்ணீர் அத்தனையும் ஒரு நொடியில் வற்றிப்போனது. பாசிக்காரனும் ரோஷத்தோடு தன் செடிகளையும் மணலையும் பிடுங்கினான்.

வெறும் சாம்பல் நிறச் சுவர். அதில் காற்றிலேயே நீந்தின மீன்கள். அதே கறுப்பு.

'மீனுக்கு முன்: பிழை.'

"தண்ணியும் இல்ல, பாசியும் இல்ல. யாரும் ஒண்ணும் வரையறதுக்கு முன்னாடியே பிழையா?" முதலாளி நெற்றியைத் துடைத்தார். "அண்ணி, ஆவி கீவி ஏதாவது..."

"ஆவிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது சார்" என்றாள் பட்டாசு. ஆனால் அரையடி அண்ணி பக்கம் நகர்ந்துகொண்டாள்.

தண்ணிக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். "இப்ப என்ன சொல்றீங்க? மறுபடியும் மீன்தான்."

மீன்காரியின் முகம் விழுந்தது. வெளியே பார்க்கிங்கில் ஒரு கார் ஹாரன் அடிக்க, எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். டாக்டரம்மா இல்லை. இன்னும் இல்லை.

அண்ணி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தம்பி, மணலைக்கூட எடுத்துட்டியே. அந்த மூலையில இருக்குற கறுப்புக் கல்லை மட்டும் ஏன் விட்டுட்டே?"

பாசிக்காரன் திரும்பினான். வலது கீழ் மூலையில், முதலாளி தங்க எழுத்தில் வைத்திருந்த கம்பெனிப் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில், கறுப்பாக ஒரு உருவம்.

"அது என்னுது இல்ல. தண்ணி அண்ணன் வச்ச கல்லு."

"நானா? நான் எதுக்குக் கல்லு வைக்கறேன்? உன்னுதுன்னுல்ல நினைச்சேன்."

"எத்தனை நாளா இருக்கு?" என்றாள் அண்ணி.

"அஞ்சாறு நாளா..." என்று இழுத்த பாசிக்காரன் வாயை மூடிக்கொண்டான்.

பட்டாசு மெல்ல மூலைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தாள். ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தாள். இன்னொரு பக்கம் சாய்ந்து பார்த்தாள். மூக்கு திரையில் இடிக்கும்வரை போனாள்.

"அண்ணி."

"என்னடி?"

"கல்லுக்குக் கால் இருக்கு."

எல்லோரும் ஓடிவந்தார்கள். பட்டாசு விரலை வைத்து எண்ணினாள். "ஒன்பது. முன்னாடி ரெண்டு கொடுக்கு வேற. இது கல்லு இல்ல. கணக்கு தெரியாத நண்டு."

அண்ணி மீன்காரியிடம் திரும்பினாள். "ஏம்மா, தண்ணி, பாசி, மீன். உனக்கு அப்புறம் யார் வரையறாங்க?"

"யாரும் இல்ல அண்ணி. கடைசியில கம்பெனிப் பேர் மட்டும். அதை எதுவும் மறைக்கக் கூடாதுன்னு கடைசியா வரையறது. அதை யாரும் திறந்து பாக்க மாட்டோம், அது..." அவள் நிறுத்தினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "ஆனா கடைசின்னு ஒண்ணு இங்க கிடையாதே. படம் நகரணும்னா நொடிக்கு அறுபது தடவை முதல்லேர்ந்து வரையணும். கடைசி ஆள் முடிச்சதும் மறுபடி முதல் ஆள். கடைசியில நடந்த பிழை, அடுத்த சுத்துல..."

"...கேக்கற முதல் ஆள் தலையில விழும்" என்று முடித்தாள் பட்டாசு.

அண்ணி யார் முகத்தையும் பார்க்கவில்லை. முதலாளியின் சட்டைக் காலர் நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டாள், அது போதும். "எல்லாரும் போய்க் காபி குடிச்சுட்டு வாங்க" என்றாள். "நானும் சாரும் கொஞ்சம் பேசணும்."

பட்டாசு போகவில்லை. அவள் காபி குடிப்பதில்லை என்பது அந்த நிமிஷத்தில் அவள் எடுத்த முடிவு.

*

"என் பொண்ணு வரைஞ்ச நண்டு" என்றார் முதலாளி. கம்பெனி முதலாளி காணாமல் போய், பள்ளிக்கூட வாசலில் நிற்கிற அப்பா ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். "அவளுக்குப் பல் ஒண்ணு எடுக்கணும். அந்த டாக்டரம்மாகிட்டதான். மீன்தொட்டியில என் நண்டு இருந்தாத்தான் வாயைத் திறப்பேன்னு சத்தியம் பண்ணிட்டா. இவங்ககிட்ட சொன்னா சிரிப்பாங்கன்னு, நானே ராத்திரி உக்காந்து, மீன் பகுதியைப் பாத்து அப்படியே எழுதினேன். அந்தப் பொண்ணு எழுதினதுதான் படிச்சா புரியற மாதிரி இருந்துச்சு. கடைசியில இருந்த கேள்வி வரியை மட்டும் விட்டுட்டு, பேர்ப்பலகைக்குள்ள வச்சுட்டேன். நண்டு கறுப்பா வந்துச்சு. மீன் கறுப்பா இருக்கறதாலதான் நண்டும் கறுக்குது, மீனைச் சரி பண்ணினா இதுவும் சரியாயிடும்னு..."

"அந்தப் பொண்ணை அனுப்பப் பாத்தீங்க" என்றாள் அண்ணி. குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அவருக்கு அதிகம் வலித்தது.

"சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணி."

"தெரியும்னு நான் சொல்லல. நான் உங்களை யார்கிட்டயும் காட்டிக்குடுக்கவும் மாட்டேன். காபி முடிச்சுட்டு வருவாங்க. நீங்களே சொல்லிடுங்க. பிள்ளைக்காகச் செஞ்சதுக்கு வெக்கப்பட ஒண்ணும் இல்ல. அடுத்த வீட்டுப் பிள்ளை அதுக்காக அழுதுச்சு பாருங்க, அதுக்குத்தான் வெக்கப்படணும்."

காபி குடிக்கப் போனவர்கள் திரும்பி வந்ததும் முதலாளி எழுந்து நின்று, "அது என் நண்டு" என்றார்.

முதலில் யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. பிறகு பாசிக்காரனுக்கு மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான், தண்ணிக்காரர் மீசைக்குள் குலுங்கினார். "ஒன்பது கால் சார்! ஒன்பது!"

மீன்காரி சிரிக்காமல் பெயர்ப்பலகைப் பகுதியைத் திறந்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. "படம் ரொம்பப் பெரிசு சார். போஸ்டர் அளவுக்கு ஸ்கேன் பண்ணியிருக்கீங்க. லைப்ரரி ஏத்துக்க மாட்டேன்னு தள்ளிடுச்சு. அதுதான் பிழை. ஏத்துக்காத படத்தை ஒட்டினா வெறும் கறுப்புதான் வரும்."

"மீன் ஏன் கறுத்துச்சு?"

"படம் மாட்டறதுக்கு ஆளுக்கு ஒரு ஆணி வச்சிருக்கோம். என் வரியை அப்படியே எடுத்ததால, நண்டையும் என் ஆணியிலயே மாட்டிட்டீங்க. அடுத்த சுத்துல மீனுக்கு என் படத்துக்குப் பதிலா உங்க கறுப்புத்தான் கிடைச்சுச்சு." அவள் படத்தைச் சுருக்கினாள், நண்டுக்கு வேறு ஆணி கொடுத்தாள். "இப்ப பாருங்க."

சுவர் பூத்தது. ஆரஞ்சு, மஞ்சள், நீலக் கோடு, புள்ளி. தண்ணீர் திரும்பி வந்தது, பாசி அசைந்தது. மூலையில் ஒரு குழந்தை கிரேயானை அழுத்தி அழுத்தித் தீட்டிய சிவப்பு நண்டு, ஒன்பது காலையும் பரப்பிக்கொண்டு நின்றது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அப்போது ஓரத்தில் சிவப்பு வரி மறுபடி வந்தது.

'மீனுக்கு முன்: பிழை.'

முதலாளியின் தலை பழக்கத்தில் மூலை மேசைப் பக்கம் திரும்பப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதித் திருப்பத்தை அண்ணி பார்த்தாள். அதை நிறுத்திக்கொண்டதையும் பார்த்தாள். அந்த மனிதர் பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தாள்.

"நண்டைச் சரி பண்ணியாச்சு. இப்ப திரும்பி வந்தது யாரு?" என்றாள் பட்டாசு, கூரையைப் பார்த்துக்கொண்டு. "தண்ணி. அப்புறம் பாசி. வேகம் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்ல, அவங்களையும் கேக்கச் சொல்லுங்களேன்."

சிரிப்பு நின்றது. தண்ணிக்காரர் தன் கடைசி வரியில் அந்தக் கேள்வியை ஒற்றை விரலால் தட்டினார். பாசிக்காரன் அதைவிட மெதுவாகத் தட்டினான்.

'தண்ணீர் பகுதி: பிழை. பாசி பகுதி: பிழை. மீன் பகுதி: இல்லை.'

"கன்னங்கரேல்னு காட்டாத பிழையெல்லாம் எவ்வளவு நாளா நீந்துதோ" என்றாள் பட்டாசு. தண்ணிக்காரர் திரைக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டார். மீசைகூடத் தெரியவில்லை.

"என்னை மன்னிச்சுடும்மா" என்றார் முதலாளி.

"சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் மீன்காரி.

ஆபீசே லேசாக நடுங்கியது. இவள் கேட்டால் என்ன வரும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும்.

"சந்தேகம் வந்ததும் மெஷினைக் கேட்டீங்க. இவங்களைக் கேட்டீங்க. அண்ணியைக் கூப்பிட்டுக் கேட்டீங்க. என்கிட்ட ஏன் சார் கேக்கல?"

அதற்குப் பதிலாக, யாரும் கேட்காத இன்னொன்று முதலாளிக்குள்ளிருந்து தானாக வெளியே வந்தது.

"காலையிலயே அந்தக் கம்பெனிக்கு போன் பண்ணிட்டேன்மா. உன்னைப் பத்தித் தப்பாச் சொல்லிட்டேன்."

அண்ணி மேசை மேலிருந்த அவருடைய போனை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவ்வளவு மெதுவாக வைத்தாள், அது தண்டனை போலவே இல்லை.

அவர் நின்றுகொண்டே பேசினார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஐயா, காலையில நான் சொன்னது பிழை. பிழை என்னோடது, அந்தப் பொண்ணோடது இல்ல. அவளை எடுத்துக்கிட்டா உங்களுக்கு அதிர்ஷ்டம்." மூச்சை இழுத்துக்கொண்டார். "எடுக்காம விட்டீங்கன்னா எனக்கு."

கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. படிக்கட்டில் செருப்புச் சத்தம். டாக்டரம்மா.

மீன்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நான் போய்க் கதவைத் திறக்கறேன் சார். தண்ணி அண்ணே, அவங்க உக்கார்ந்து மீன் பாக்கறதுக்குள்ள உங்க பிழையை எடுத்துடுவீங்கல்ல? முடியலைன்னா என்னைக் கேளுங்க."

திரைக்குப் பின்னாலிருந்து, மிகச் சின்னக் குரலில், "கேக்கறேம்மா" என்று பதில் வந்தது.